வாரம் ஒருமுறை வெளிக்காற்றில்

என் கணவர் காலணிகளுக்கு அடிப்பாகம் ஒட்டும் தொழிலாளி. நான் அறைக்காற்றை முகர்ந்து பார்க்கும் சிறு பெட்டிகளைச் செய்யும் பட்டறையில் வேலை பார்ப்பவள். எங்கள் வீட்டில் இரண்டே அறைகள். முன்னறையில் நாங்கள் வாழ்ந்தோம். பின்னறையில் அவர் பசை பூசினார். இரண்டுக்கும் நடுவே ஒரு கதவு உண்டு. ஆயினும் நெடியைத் தடுக்கும் கதவை எந்தத் தச்சனும் இன்னும் செய்யவில்லை.

அந்தப் பசையைப் பற்றி முதலில் கூறிவிடுகிறேன். அது தேன் நிறமானது. தகர டப்பாவில் வருவது. தொழிலில் உள்ளவர்கள் அதனைச் சொலூஷன் என்பார்கள். அதைத் தோலிலும் அடிப்பாகத்திலும் தூரிகையால் பூசி, கால்மணி நேரம் ஆறவிட்டு, பின்னர் இரண்டையும் சேர்த்துச் சுத்தியலால் தட்ட வேண்டும். ஆறுகின்ற அந்தக் கால்மணி நேரத்தில் காற்றடித்தால் பசையின்மேல் பாலாடை போல ஓர் ஆடை படரும். தூசி விழுந்தால் பிடிப்பு விட்டுவிடும். எனவே பின்னறையின் ஒரே சன்னல் ஆண்டு முழுவதும் மூடியே கிடந்தது. வேலை முடித்து வீட்டுக்குள் நுழையும்போதெல்லாம் அந்த நெடி என் நெற்றியில் ஆணி போல இறங்கும்.

"என்னங்க, ஜன்னலைக் கொஞ்சம் திறங்களேன். உள்ள வந்தாலே தலை சுத்துது."

"தலை சுத்துறது கல்யாணமான நாள்லேருந்து எனக்குத்தான். அதுலயும் நீ பங்கு கேட்டா எப்படி?"

அவர் பேச்சு எப்போதும் இவ்வாறுதான் இருக்கும். நேராகப் பதில் கூறினால் நாக்கு சுளுக்கிக்கொள்ளும் என்று எண்ணுபவர்.

எங்கள் பட்டறை ஒரு கட்டடத்தின் மூன்றாம் மாடியில் இருந்தது. எட்டுப் பெண்கள் நீண்ட மேசையில் அமர்ந்து, நகத்தளவு சென்சார் உணரிகளைப் பச்சைச் சர்க்யூட் பலகையில் வைத்து, ஈயம் உருக்கிச் சால்டர் இட்டு, தீப்பெட்டி அளவுள்ள கூடுகளில் அடைத்தோம். நாணயத்தைப் போன்ற ஒரு பேட்டரி, அவ்வளவே. அந்தப் பேட்டரியைக் கொண்டு பெட்டி ஓராண்டு உயிர் வாழும். ஐந்து நிமிடத்திற்கு ஒருமுறை விழித்து, ஒரு மூச்சு முகர்ந்து, பச்சை, மஞ்சள், சிவப்பு என்னும் மூன்றில் ஒரு நிறத்தைச் சிமிட்டிவிட்டு, மறுபடி உறங்கிவிடும். பசை, சாயம், புதுப் பலகை ஆகியவற்றிலிருந்து கிளம்பும் ஆவிகளைக் கண்டுபிடிப்பது அதன் பணி. குறைவாக உண்டு, குறைவாக விழித்து, நிறைவாக உழைப்பதால் அதனை நாங்கள் "மாமியார் மெச்சிய மருமகள்" என்று அழைத்தோம். என்னை மட்டும் "மூக்கம்மா" என்று அழைத்தார்கள். எவர் மேசையில் சால்டர் தீய்ந்தாலும் முதலில் நிமிர்பவள் நானே.

அடைத்து முடித்த பெட்டிகளைத் தட்டுகளில் அடுக்கி மொட்டை மாடிக்கு எடுத்துச் செல்வதும் என் பொறுப்பு. அங்கே ஒரு பகல், ஓர் இரவு, அவை திறந்தவெளியில் இருக்க வேண்டும். அதற்குக் "காற்றுக் காட்டுதல்" என்று நாங்களே பெயர் வைத்திருந்தோம். எதற்காகக் காட்டுகிறோம் என்று எங்களுள் எவரும் கேட்டதில்லை. சால்டர் நாற்றமும் புதுக் கூட்டின் நாற்றமும் போவதற்காக என்று நாங்களே முடிவு செய்துகொண்டோம். பிறந்த குழந்தையைக் குளிப்பாட்டுவதற்குக் காரணம் கேட்பார் உண்டோ?

காற்றுக் காட்டியபின், அட்டையில் வைத்து, குறிப்புத்தாள் ஒன்றை மூன்றாக மடித்து உடன் வைத்து மூடுவேன். அந்தத் தாளை நான் படித்தவள். முப்பத்தொன்பதாம் வயதில் மாலை வகுப்பில் சேர்ந்து எழுத்துக் கூட்டக் கற்றவள் நான். பட்டறைக்கு வந்த முதல் வாரம், முதல் தாளை எடுத்து, தலைப்பு முதல் கடைசிப் புள்ளி வரை, மேசையில் இருந்த அனைவரும் கேட்குமாறு உரக்கப் படித்தேன். எட்டாவது நாற்காலியில் இருந்த பாட்டுக்காரி கூடத் தன் முணுமுணுப்பை நிறுத்திவிட்டுக் கேட்டாள். அன்று மாலை இதனைக் கூறியபோது என் கணவர் எனக்கு "வாத்தியாரம்மா" என்று பட்டம் சூட்டினார்.

ஒரு நாள், மூடியில் கீறல் விழுந்த பெட்டி ஒன்று விற்பனைக்கு ஆகாது என்று ஒதுக்கப்பட்டது. அதனை வடிவமைத்த இன்ஜினியர் பெண்ணிடம் சென்று கேட்டேன்.

"மேடம், இதை நான் வீட்டுக்கு எடுத்துக்கட்டுமா? அவர் சொலூஷன் வேலை பாக்குறாரு."

"மேல கீறல் அவ்வளவுதான் அக்கா, உள்ள ஒண்ணும் இல்ல. தாராளமா எடுத்துக்கோங்க. தாள் ஒண்ணும் எடுத்துக்கோங்க."

"தாள் எதுக்கு மேடம்? ஆயிரம் தாள் மடிச்ச கை இது."

அவள் சிரித்தாள். நானும் சிரித்தேன். அந்தச் சிரிப்பை இப்போது நினைத்தாலும் என் காது மடல் சுடுகிறது.

பின்னறையில், காலணிகள் ஆறுகின்ற அடுக்குக்கு மேலே, ஓர் ஆணியில் அதனை மாட்டினேன்.

"இதென்ன, தீப்பெட்டிக்குக் கண்ணு வச்ச மாதிரி?" என்றார்.

"கண்ணு இல்லீங்க, மூக்கு."

"வீட்டுல ஏற்கெனவே ஒரு மூக்கு இருக்கு. அதுக்குப் பதில் சொல்லியே நான் தேஞ்சு போயிட்டேன்."

"அந்த மூக்கு சொன்னா நீங்க கேக்க மாட்டேங்கிறீங்க. இதாவது சொல்லட்டும்."

அவர் சுத்தியலைக் கீழே வைத்தார். "சரி, ஒப்பந்தம். இது செவப்பு காட்டினா நான் ஜன்னலைத் திறக்கிறேன். பச்சை காட்டினா நீ வாயைத் திறக்கக் கூடாது."

"வாக்கு?"

"வாக்கு."

என் கணவர் வாக்குத் தவறாதவர். இதனை நான் அழுத்திக் கூறியாக வேண்டும். முதல் நாளே பெட்டி சிவப்புக் காட்டியது. அவர் எழுந்து சென்று சன்னலைத் திறந்தார். நான்கு சோடிகளில் பசை ஆடை படர்ந்து, சுரண்டி மறுபடி பூச நேர்ந்தது. முணுமுணுத்தார், ஆயினும் மூடவில்லை. இரண்டாம் நாளும் திறந்தார். மூன்றாம் நாளும் திறந்தார். அந்த மூன்று நாட்களும் நான் வீட்டுக்குள் நுழைந்தபோது நெற்றியில் ஆணி இறங்கவில்லை.

நான்காம் நாள் மழை பிடித்துக்கொண்டது. சாரல் நேராகச் சன்னல் வழியே தோல்மீது விழும். நனைந்த தோல் பசையை ஏற்காது. "மழை விட்டதும் திறக்கிறேன், வாக்கு வாக்குதான்" என்றார். மழை பதினொரு நாட்கள் விடவில்லை. மழையின் ஆறாம் நாள் பெட்டி மஞ்சளாயிற்று. ஒன்பதாம் நாள் பச்சை சிமிட்டியது.

"பாத்தியா வாத்தியாரம்மா? மழை காத்தைக் கழுவி விட்டுடுச்சு."

எனக்கும் அது பொருத்தமாகவே தோன்றியது. ஊரே குளிர்ந்து கிடந்தது. எங்கள் அறை மட்டும் ஏன் குளிர்ந்திருக்கக் கூடாது? மழை விட்ட பிறகும் பச்சையே நீடித்தது. பச்சையாக இருக்கையில் சன்னலைத் திறக்க வேண்டும் என்பது ஒப்பந்தத்தில் இல்லை. நான் நுழையும்போது நெடி முன்போலவே நெற்றியில் இறங்கியது. வாயைத் திறக்க எண்ணி, பச்சையைப் பார்த்து, மூடிக்கொண்டேன். மனிதருடைய மூக்குக்குச் சளி பிடிக்கும், வயதாகும். என் கையால் செய்த பெட்டிக்கு அவை இல்லை. இவ்வாறு எனக்கு நானே பாடம் நடத்தினேன்.

பள்ளிக்கூடங்கள் திறக்கும் காலம் நெருங்கியதால், பிள்ளைகளின் கறுப்புக் காலணிகள் மூட்டை மூட்டையாக வந்தன. அவர் விடிந்தது முதல் விளக்கு வைக்கும்வரை ஒட்டினார். அந்நாட்களில் ஒரு நாள், முடித்த மூட்டையைத் தோளில் வைத்துக் கடைக்கு நடந்தார். நான் சிறு மூட்டையுடன் பின்னால் சென்றேன். அவருடைய வலது செருப்பு கழன்று நடுத்தெருவில் நின்றுவிட்டது. அவரோ நின்றபாடில்லை. வெறுங்காலுடன் பத்தடி நடந்துவிட்டார்.

"என்னங்க, செருப்பு!"

அவர் குனிந்து தம் காலைப் பார்த்தார். பிறருடைய காலைப் பார்ப்பவர் போலப் பார்த்தார்.

"ஊருக்கெல்லாம் செருப்பு ஒட்டுறவன் கால்ல செருப்பு ஒட்ட மாட்டேங்குது, பாரு" என்று சிரித்தார். நானும் சிரித்துக்கொண்டே செருப்பை எடுத்து வந்து அவர் காலடியில் போட்டேன்.

அதன்பின் அது வாரத்தில் மூன்று முறை நிகழ்ந்தது. பாதத்தில் எறும்பு ஊர்வதாகக் கூறினார். பின்னர், எறும்பு கூட ஊரவில்லை என்றார். சட்டைப் பொத்தானைப் போட அவருக்கு நெடுநேரம் பிடித்தது. "பொத்தான் சின்னதாயிட்டே வருது" என்று பொத்தானின்மேல் பழி போட்டார். நான் வற்புறுத்தி, ஒரு சனிக்கிழமை காலையில் மருத்துவரிடம் அழைத்துச் சென்றேன். புறப்படும்போது, ஆணியிலிருந்து பெட்டியைக் கழற்றி என் பைக்குள் வைத்துக்கொண்டேன். பசையைப் பற்றி மருத்துவர் கேட்பார். கேட்டால் சான்று வேண்டுமல்லவா?

மருத்துவர் வயதான பெண்மணி. ஊசி முனையால் அவருடைய கால்விரல்களைத் தொட்டார். கண்ணை மூடியிருந்த என் கணவர், தொட்ட விரல் எது என்று தவறாகக் கூறிக்கொண்டே வந்தார்.

"என்ன வேலை பாக்குறீங்க?"

கூறினார்.

"மூடின அறையிலயா? அப்போ அந்தப் பசையைத்தான் நான் முதல்ல சந்தேகப்படுவேன். கொஞ்ச நாள் நிறுத்திப் பாருங்க."

நான் பையிலிருந்து பெட்டியை எடுத்து மேசைமேல் வைத்தேன். "டாக்டரம்மா, இது காத்தைச் சோதிக்கிற பெட்டி. எங்க அறையிலதான் மாட்டியிருக்கு. ரெண்டு மாசமா பச்சைதான் காட்டுது. இதை நானே செய்யிறேன். தப்பா காட்டாது."

"நீங்களே செய்யிறீங்களா?" என்று வியந்தார். பின்பு, "சரிம்மா. பெட்டி காத்தைப் பாக்கட்டும், நான் அவர் காலைப் பாக்குறேன். நான் சொன்னது சொன்னதுதான், நிறுத்திட்டு ரெண்டு வாரம் கழிச்சு வாங்க" என்று சத்து மாத்திரைகளை எழுதித் தந்தார்.

திரும்பும் பேருந்தில் என் கணவர் சன்னலோரம் அமர்ந்தார். பெட்டி என் மடியில் இருந்தது. வெளிக்காற்று எங்கள் இருவர் முகத்திலும் அடித்தது.

"பள்ளிக்கூடம் திறக்க இன்னும் ஒன்பது வாரம் இருக்கு. இப்ப நிறுத்தினா வேலை வேற ஆளுக்குப் போயிடும். நீ சொல்லு. நிறுத்தட்டுமா?"

என் வாழ்நாளில் அவர் என்னிடம் விளையாட்டின்றிக் கேட்ட கேள்விகள் சிலவே. இது அவற்றுள் ஒன்று.

"வேண்டாங்க. பசையா இருந்தா பெட்டி காட்டியிருக்கும். இது வேற ஏதோ சத்துக் குறைச்சல். மாத்திரையைச் சாப்பிடுங்க" என்றேன்.

வீடு திரும்பியதும் பெட்டியை அதே ஆணியில் மாட்டினேன். அவர் அடுக்கின் கீழ் அமர்ந்து டப்பாவைத் திறந்தார். ஐந்து நிமிடம் கழிந்திருக்கும். பெட்டி விழித்தது, சிமிட்டியது. சிவப்பு.

இருவரும் அதனையே பார்த்திருந்தோம். மறுபடி ஐந்து நிமிடம். மறுபடி சிவப்பு.

"என்னடி இது? காலைல வரைக்கும் நல்லாத்தானே இருந்துச்சு?" என்றவர், வாக்கு நினைவுக்கு வந்தவராகச் சன்னலை நோக்கி எழ முற்பட்டார்.

"இருங்க, இருங்க. போகும்போது பைக்குள்ள கிடந்து அடி பட்டிருக்கும். பட்டறையில இப்படி ஆனா என்ன பண்ணுவோம்னு எனக்குத் தெரியும்."

பெட்டியைக் கழற்றினேன். மூடியைத் திறந்தேன். பேட்டரியை எடுத்து, சேலைத் தலைப்பால் துடைத்து, நூறு எண்ணி, திரும்பப் பொருத்தினேன். பட்டறையில் இதனை "மறுபிறப்பு" என்போம். பெட்டி தான் கற்றவற்றையெல்லாம் மறந்து புதிதாகத் தொடங்கும். மாட்டினேன். சற்று நேரம் ஒளியின்றிக் கிடந்தது. பிறகு விழித்தது. பச்சை.

"அதானே!" என்றார் அவர். "டாக்டரம்மா மனுஷனுக்கு வைத்தியம் பாக்குறாங்க, எங்க வாத்தியாரம்மா பெட்டிக்கே வைத்தியம் பாக்குறா." பிறகு தூரிகையைப் பசையில் தோய்த்தார்.

அன்றிலிருந்து ஒன்பது வாரங்கள் ஒட்டினார். இரண்டு வாரத்தில் வரச் சொன்ன மருத்துவரிடம் நாங்கள் செல்லவில்லை. பச்சை ஒளி இருக்கையில் செல்வானேன்?

கடைசி மூட்டை போனதற்கு மறுநாள், அவர் தம் குட்டை முக்காலியிலிருந்து எழ முயன்றார், இயலவில்லை. விளையாடுகிறார் என்று எண்ணி நான் வாசற்படியிலேயே நின்றேன். "கால் ரெண்டும் என்கூடப் பேச மாட்டேங்குது" என்றார். அவர் முகத்தைக் கண்ட பின்னரே ஓடினேன். முழங்காலுக்குக் கீழே அவருடைய கால்கள் ஈரத்துணி போலத் துவண்டு கிடந்தன.

பெரிய மருத்துவமனையில் கம்பிகள் பொருத்தி நரம்புகளைச் சோதித்தார்கள். பசையின் ஆவி நரம்புகளைக் கெடுத்திருக்கிறது என்பதில் அங்கிருந்த மருத்துவருக்கு ஐயமே இல்லை. "பசையை நிறுத்தினாலும் இன்னும் சில மாசம் மோசமாகத்தான் செய்யும். அப்புறம் மெல்ல மெல்ல மீளலாம். எவ்வளவு மீளும்னு இப்போ சொல்ல முடியாது. ஒரு ரெண்டு மாசம் முன்னாடி வந்திருந்தா..." என்று தொடங்கியவர், எங்களைப் பார்த்து அத்துடன் நிறுத்திக்கொண்டார்.

எனக்குக் கோபம் வந்தது. ஒன்பது வாரம் பச்சை சிமிட்டிய பெட்டியின்மேல் வந்தது. மறுநாள் அதனைக் கைக்குட்டையில் முடிந்து எடுத்துச் சென்று, இன்ஜினியர் பெண்ணின் மேசைமேல் வைத்தேன்.

"மேடம், உங்க பெட்டி பொய் சொல்லுது."

நடந்ததைக் கூறினேன். அவள் முகம் வெளிறிற்று. "அந்த அறையில ஜன்னல் எப்பவாவது திறப்பீங்களா, அக்கா?"

"மழைக்கு அப்புறம் திறக்கல. பச்சையாத்தானே இருந்துச்சு?"

"வாரம் ஒருமுறை பெட்டியை வெளியில வச்சீங்களா?"

"வெளியிலயா? எதுக்கு?"

"தாள்ல போட்டிருக்கே அக்கா. போன வருஷம் பேட்டரி இன்னும் மிச்சமாகணும்னு உள்ள மாத்தினோமே, அப்பவே தாளையும் மாத்தினோமே."

என் மேசைமேல் மடித்த தாள்கள் அடுக்கி இருந்தன. நானே மடித்தவை. ஒன்றை எடுத்துப் பிரித்தேன். தலைப்பு பழையது; படம் பழையது; முதல் இரண்டு மடிப்புகளில் இருந்தவை நான் அன்று உரக்கப் படித்த அதே வரிகள். மூன்றாம் மடிப்பின் அடியில் நான் அறியாத இரண்டு வரிகள் இருந்தன. விரலை வைத்து, மாலை வகுப்பில் படித்ததைப் போல, ஒவ்வொரு சொல்லாகப் படித்தேன்.

"வாரம் ஒருமுறை, அரைமணி நேரம், பெட்டியைத் திறந்த வெளிக்காற்றில் வைக்கவும். எப்போதும் மூடிய அறையிலேயே இருந்தால், அவ்வறையின் காற்றையே தூய காற்று எனப் பெட்டி கொள்ளும்."

புதுத் தாள் வந்த அன்று மேற்பார்வையாளர், "வரி மாறியிருக்கு" என்று கூறியது எனக்கு நினைவிருக்கிறது. "படிச்சதுதான் சார்" என்று நான் கூறியதும் நினைவிருக்கிறது.

"அப்போ மொட்டை மாடியில வைக்கிறது சால்டர் நாத்தம் போக இல்லையா, மேடம்?"

"யார் அப்படிச் சொன்னாங்க? அங்கதான் அது நல்ல காத்து எதுன்னு கத்துக்குது. அதை வச்சுத்தான் கெட்டது எதுன்னு சொல்லும்." அவள் தாழ்ந்த குரலில், "நான் உங்க யார்கிட்டயும் இதைச் சொல்லவே இல்லையா?" என்று கேட்டாள்.

பேருந்தின் சன்னலோரம் என் முன்னே வந்து நின்றது. மடியில் பெட்டி, முகத்தில் காற்று. வரும் வழி முழுவதும், அரைமணி நேரத்திற்கும் மேலாக அது வெளிக்காற்றில் இருந்திருக்கிறது.

"மேடம், ஒரு நாள் வெளியில போயிட்டு வந்தப்ப செவப்பு காட்டிச்சு. நான் பேட்டரியைக் கழட்டி மாட்டினேன்."

அவள் கண்களைத் தாழ்த்தினாள். "கழட்டினா கத்ததை மறந்து, அங்க இருக்கிற காத்தையே நல்லதுன்னு எடுத்துக்கும். அன்னைக்கு அது சரியாத்தான் சொல்லியிருக்கு, அக்கா."

அன்று மாலை வீட்டுக்குச் சென்றபோது, என் கணவர் முன்னறையில் கட்டிலில் சாய்ந்திருந்தார். பின்னறையில் டப்பாக்கள் இல்லை. அடுக்கு வெறுமையாக இருந்தது. சன்னல் அகலத் திறந்து கிடந்தது.

"வாத்தியாரம்மா முகம் பரீட்சையில கோட்டை விட்ட மாதிரி இருக்கே?"

நான் கட்டிலருகே தரையில் அமர்ந்தேன். மறைத்துவிடலாம் என்ற எண்ணம் வழி நெடுக என்னுடன் நடந்து வந்தது. பெட்டி பழுது என்று கூறினால் அவர் நம்புவார். நான் கூறும் எதையும் நம்புவார். நம்பியதனால்தான் இக்கட்டிலில் கிடக்கிறார். ஆகவே மொட்டை மாடி முதல் மூன்றாம் மடிப்பு வரை அனைத்தையும் கூறினேன். பேட்டரியைத் துடைத்து நூறு எண்ணியதையும் கூறினேன்.

அவர் கையை நீட்டினார். பெட்டியை உள்ளங்கையில் வைத்தேன். விரல்கள் மூடவில்லை. தலையைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "கையிலதான் இருக்கா? பாத்தாத்தான் தெரியுது" என்றார்.

"அப்ப அந்த பஸ்ல போன அன்னைக்கு..." என்றார்.

"ஆமாங்க."

"செவப்பு நெசம்."

"ஆமாங்க."

"செவப்பு காட்டினா ஜன்னலைத் திறக்கிறேன்னு நான் வாக்குக் குடுத்திருந்தேன்ல?"

"குடுத்திருந்தீங்க."

"திறந்திருப்பேன்டி."

அவ்வளவே கூறினார். குரலில் கோபம் இல்லை. கோபித்திருந்தால் நான் பிடித்துக்கொள்ள ஏதேனும் இருந்திருக்கும். முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார். அதன்பின் பல வாரங்கள், "தண்ணி", "விளக்கு", "போதும்" என்பவை தவிர அவர் வாயிலிருந்து எதுவும் வரவில்லை. அவருடைய கேலி இல்லாத வீட்டில், சுவர்க் கடிகாரத்தின் ஓசை இவ்வளவு பெரிது என்பதை அறிந்தேன்.

பட்டறையில் இப்போது தாளை மறுபுறமாக மடிக்கிறேன். அந்த இரண்டு வரிகள் வெளியே தெரிகின்றன. நிறுவனத்தின் பெயர் உள்ளே போய்விடுகிறது. "பேர் தெரியணும்மா, பேர்!" என்று மேற்பார்வையாளர் இருமுறை கடிந்தார். மூன்றாம் முறை கடிய வந்தவரை இன்ஜினியர் பெண் தடுத்தாள். அவள் இப்போது ஒவ்வொரு மாற்றத்தையும் எங்கள் மேசைக்கு வந்து, ஏன் என்பதோடு கூறுகிறாள். பாட்டுக்காரி முதல் அனைவரும் கேள்வி கேட்கிறோம். ஆனால் அவள் என்னை நேராகப் பார்ப்பதில்லை. நானும் அவளைப் பார்ப்பதில்லை.

எட்டாம் மாதத்தில் அவர் கோலூன்றி நிற்கத் தொடங்கினார். செருப்பு கழலாதிருக்கக் கணுக்காலில் ஒரு வார் வைக்க வேண்டும் என்று கூறி, எங்கே துளையிடுவது, எப்படிக் கோப்பது என்று கட்டிலில் இருந்தபடியே எனக்குக் கற்பித்தார். அவருடைய விரல்களில் ஊசி நிற்பதில்லை. நான் தைத்து முடித்ததும் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"கோணல்" என்றார்.

எட்டு மாதங்களுக்குப் பிறகு அவரிடமிருந்து வந்த முதல் குறை அது. நான் அதனைப் பரிசு போல வாங்கிக்கொண்டேன்.

சனிக்கிழமைதோறும் மாலையில் தெருக்கோடியில் உள்ள திடலுக்குச் செல்கிறோம். பின்னறையில் இப்போது எதையும் ஒட்டுவதில்லை. ஆயினும் பெட்டியை எடுத்துச் செல்கிறேன். வாரம் ஒருமுறை, அரைமணி நேரம். திடலின் மரப்பலகையில் அதனை வைத்துவிட்டு, அவர் நடப்பதைப் பார்த்துக்கொண்டு பின்னால் நடப்பேன்.

சென்ற சனிக்கிழமை அவர் கோலைப் பலகையில் சாய்த்துவிட்டு, "நீ தள்ளி வா, மேல வந்து இடிக்காத" என்றார். கைகளை விரித்து, புல்லின்மேல் ஓரடி வைத்தார். இரண்டு. மூன்று. நான்காம் அடியில் என் கோணல் தையல் பிரிந்தது. வலது செருப்பு புல்லில் நின்றுவிட்டது. அவருக்குத் தெரியவில்லை. ஐந்து. ஆறு.

கூப்பிட வாயெடுத்தேன். முன்னே நோக்கினேன்: கல் இல்லை, முள் இல்லை, புல் மட்டுமே. குனிந்து செருப்பை எடுத்துக்கொண்டு, ஓசையின்றிப் பின்தொடர்ந்தேன். அவர் பதினோர் அடி நடந்து, நின்று, திரும்பிப் பார்க்காமலே கேட்டார்:

"எத்தனை?"

"பதினொண்ணு."

"செருப்பு கால்ல இருக்கா?"

நான் செருப்பை மார்போடு அணைத்தபடி நின்றேன். இம்முறை பச்சை காட்ட எனக்கு மனம் வரவில்லை.

"இல்லீங்க. நாலாவது அடியிலயே கழண்டுடுச்சு."

அவர் மெல்லத் தலையசைத்தார். பிறகு, நான் அருகில் வந்து மண்டியிட்டு, அவருடைய குளிர்ந்த பாதத்தைத் தூக்கிச் செருப்புக்குள் வைக்கும்வரை, என் தோளைப் பற்றிக்கொண்டு அசையாமல் நின்றார்.